புஷ்கர் ஒட்டகச் சந்தைக்குப் போறீங்களா? திருவிழா தொடங்குறதுக்கு முன்னாடியே போய்டுங்க

புஷ்கர் போகணும்னு கேக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ஹோட்டல் நல்லாருக்கும்னுதான். நான் திருப்பி ஒரு கேள்வி கேப்பேன், நீங்க ஒட்டகத்தை பாக்க போறீங்களா, கூட்டத்தை பாக்க போறீங்களா? ரெண்டும் அங்க இருக்கு, ஆனா ஒரே நாள்ல இருக்காது. இது தெரியாமதான் நான் முதல் தடவை போனேன், பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் இறங்கினா ஏரியை சுத்தி லட்சக்கணக்குல ஜனம், ராட்டினம், வளையல் கடை, எல்லாம் இருக்கு, ஆனா மணல் மேட்டுப் பக்கம் போய் பாத்தா ஒட்டகம் கட்டியிருந்த இடத்துல முளைக்குச்சி அடிச்ச குழியும் மிச்ச தீவனமும் சாணியும்தான் கெடக்கு. வித்தவங்க காசோட கிளம்பிட்டாங்க, விக்காதவங்களும் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்த ஒட்டகம் எல்லாம் டூரிஸ்டை ஏத்திட்டு சுத்துறதுதான்.

அதனால முதல்ல நாள் கணக்கு. புஷ்கர் ராஜஸ்தான்ல அஜ்மீர் மாவட்டத்துல இருக்கு, மேளா முடியிறது கார்த்திக் பூர்ணிமா அன்னிக்கு. இந்த கார்த்திக் மாசம் வடக்கத்தி கணக்கு, நம்ம கார்த்திகைன்னு நினைச்சு டிக்கெட் போட்டுடாதீங்க. நமக்கு அது பெரும்பாலும் ஐப்பசி பௌர்ணமி, அதாவது சிவன் கோயில்ல அன்னாபிஷேகம் நடக்குற நாள். 2024-ல நவம்பர் 15, 2025-ல நவம்பர் 5, ரெண்டும் அப்படித்தான் வந்துச்சு. அவங்க கணக்குல 'அதிக மாசம்'னு கூடுதலா ஒரு மாசம் சேர்ற வருஷத்துல மட்டும் தள்ளிப் போய் நம்ம கார்த்திகை தீபத்தை ஒட்டி வரும், 2023-ல நவம்பர் 27 வந்துச்சு, 2026-ல நவம்பர் 24 வருது. இவ்வளவு குழப்பம் வேணாம்னா சுலபமா ஒரு வழி இருக்கு, தீபாவளியில இருந்து எண்ணுங்க. தீபாவளி அமாவாசை, அதுல இருந்து 15, 16 நாள்ல பௌர்ணமி. மேய்க்கிறவங்க தீபாவளி முடிஞ்ச கையோட வந்து சேர ஆரம்பிச்சுடுவாங்க, தீபாவளிக்கு அப்புறம் மூணாம் நாள்ல இருந்து எட்டாம் நாள் வரைக்கும்தான் சந்தை உச்சத்துல இருக்கும். ஏகாதசியில இருந்து பௌர்ணமி வரைக்கும் உள்ள கடைசி அஞ்சு நாள் ஏரியில குளிக்க வர்ற யாத்திரை ஜனத்தோட நாள்.

சுற்றுலாத் துறை போடுற தேதி வேற, கால்நடைத் துறை போடுற தேதி வேற, இதையும் மனசுல வச்சுக்கோங்க. போஸ்டர்ல வர்றது சுற்றுலா தேதி, போட்டி, மேடை, பலூன் எல்லாம் அதுலதான். ஒட்டகம் வேணும்னா கால்நடைத் துறை தேதியை தேடிப் பாருங்க, அது பல நாள் முன்னாடியே தொடங்கிடும். ரெண்டும் வேணும்னா சுற்றுலா தேதிக்கு மூணு நாள் முன்னாடி போய் அது தொடங்கி ஒரு நாள் இருந்துட்டு கிளம்புங்க, நாலு நாள் தாராளம்.

போற வழி பெரிய கஷ்டம் இல்ல. அஜ்மீர் வரைக்கும் ரயில், அங்கேர்ந்து நாக் பஹாட்ங்கிற மலையை தாண்டி பஸ்ல அரை மணி நேரம்தான். நம்ம பக்கத்துல இருந்து சென்னை, கோயம்புத்தூர் ரெண்டுல இருந்தும் ஜெய்ப்பூருக்கு ரயில் இருக்கு, ஜெய்ப்பூர்ல இருந்து புஷ்கர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விமானம்னா ஜெய்ப்பூர்தான் வசதி. ரூம் மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க, மேளா சமயத்துல வாடகை பல மடங்கு ஏறிடும், கிடைக்கலன்னா அஜ்மீர்ல தங்கிட்டு விடியக்காலைல முதல் பஸ்ஸை புடிங்க, அதுல ஒரு குறையும் இல்ல. பகல்ல வெயில் சுள்ளுன்னு இருக்கும், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம முடியாது. முக்கியமா தூசி, ஆயிரக்கணக்கான கால் மிதிக்கிற மணல் அது, ஆஸ்துமா இருக்கிறவங்க மாஸ்க்கும் இன்ஹேலரும் இல்லாம மைதானத்துல கால் வைக்காதீங்க. மூக்கு வாயை மூடுற மாதிரி ஒரு பருத்தி துண்டு, மூடின ஷூ, சில்லறையா பணம், இவ்வளவு போதும். ஊருக்குள்ள கறி, முட்டை, மது எதுவும் கிடையாது, கொண்டும் போகாதீங்க.

இனி சந்தைக்குள்ள எப்படி போறதுன்னு சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி, ஒரு அஞ்சே முக்காலுக்கு மணல் மேட்டுக்கு போய்டுங்க. குளிருக்கு மூட்டின நெருப்பு அங்கங்க எரியும், டீ கொதிக்கும், ஒட்டகம் எல்லாம் ஒரு முன்னங்காலை மடக்கி கட்டினபடி உக்காந்து அசை போட்டுட்டு இருக்கும். வெயில் ஏறினா பேரம், சத்தம், ஜீப்பு எல்லாம் வந்துடும், அந்த முதல் ரெண்டு மணி நேரம்தான் சந்தையை சந்தையா பாக்க முடியும். வெள்ளை வேட்டி, சிவப்பு தலைப்பாகை கட்டினவங்க நிறைய பேரை பாப்பீங்க, அவங்கதான் ராய்க்கா, ரபாரின்னும் சொல்வாங்க, பரம்பரை பரம்பரையா ஒட்டகம் வளர்க்கிற ஜனம். பெரியவங்களை பாத்தா கை கூப்பி "ராம் ராம் சா" சொல்லுங்க, மூஞ்சியே மாறிடும். கேமராவை அப்புறம் எடுங்க. முதல்ல உக்காருங்க, டீ குடுத்தா குடிங்க, ஓட்டை இந்தி போதும், ஒட்டகத்துக்கு என்ன வயசு எந்த ஊர்ல இருந்து நடந்து வந்தீங்கன்னு கேட்டாலே மணிக்கணக்கா பேசுவாங்க.

அவங்க சொல்ற ஒட்டகம் பிறந்த கதை எனக்கு ரொம்ப புடிக்கும். பார்வதி விளையாட்டா மண்ணுல ஒரு மிருகம் செஞ்சா, அதுக்கு அஞ்சு கால், சிவன்கிட்ட உயிர் குடுக்க சொல்லி அடம் புடிச்சா, உயிர் வந்ததும் அஞ்சு காலோட அதால நடக்க முடியல, சிவன் அந்த அஞ்சாவது காலை முதுகு மேல மடக்கி அமுக்கி விட்டார், அதுதான் திமில். அப்புறம் அதை மேய்க்க ஆள் வேணும்னு சிவன் உண்டாக்கினவன்தான் முதல் ராய்க்கா. இப்படி நம்புறவங்களுக்கு ஒட்டகம் வெறும் சரக்கு இல்லன்னு புரிஞ்சுக்கோங்க. ஒட்டகப் பாலை விக்கக் கூடாது, கறிக்கு குடுக்கக் கூடாது, பெட்டையை விக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள பழைய கட்டுப்பாடு இருந்துச்சு, சந்தைக்கு வர்றது பெரும்பாலும் இளம் ஆண் ஒட்டகம்தான். இப்ப வறுமையில அந்த கட்டுப்பாடு நிறைய தளர்ந்து போச்சு.

ஒட்டகம் பாக்கத் தெரிஞ்சுக்கிட்டா சந்தை இன்னும் சுவாரஸ்யமா இருக்கும். வாங்க வர்றவர் முதல்ல உதட்டை தூக்கி பல்லை பாப்பாரு, கீழ் முன்பல்லு பால்பல்லு விழுந்து நிலைப்பல்லு முளைக்க ஆரம்பிக்கிறது அஞ்சு வயசை ஒட்டி, ஏழு வயசு வாக்குல முழுசா வந்துடும், அதை வச்சே வயசு சொல்லிடுவாங்க. அப்புறம் நடக்க விட்டு பாப்பாங்க. ஒட்டகம் ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேத்து எடுத்து வைக்கும், அதனாலதான் மேல உக்காந்தா அப்படி ஆடுது. பிகானேரி ஒட்டகம்னா கட்டுமஸ்தா இருக்கும், கண்ணுக்கு மேல நெத்தியில ஒரு குழி விழுந்த மாதிரி இருக்கும், சிலதுக்கு காதுலயும் புருவத்துலயும் அடர்த்தியா மயிர், பாரம் இழுக்க அதான். ஜெய்சல்மேரி மெலிசா நீளக் காலோட இருக்கும், ஓட்டத்துக்கும் சவாரிக்கும். மேவாரிங்கிறது மலைப் பக்கத்து ஒட்டகம். கழுத்துல சோழியும் மணியும் கண்ணாடியும் கோத்து ஒரு அலங்காரம் தொங்கும், அதுக்கு பேரு கோர்பந்த், கடையில விக்கிறதை விட ஒட்டகத்து கழுத்துல பழசா இருக்கிறதோட வேலைப்பாட்டை நின்னு பாருங்க.

இதை கவனமா படிங்க, குழந்தைங்களை கூட்டிட்டு போறவங்க ரெண்டு தடவை படிங்க. குளிர்காலம்தான் ஆண் ஒட்டகத்துக்கு மதம் புடிக்கிற காலம், மேளா அது தொடங்குற நேரத்துல வருது. வாயோரம் செவப்பா பலூன் மாதிரி ஒண்ணு தொங்கி, நுரை தள்ளி, கொளகொளன்னு சத்தம் போட்டு, பின்னந்தலையில கருப்பா ஈரம் கசிஞ்சா அது மதத்துல இருக்கு, வித்தை காட்டல. கிட்ட போகாதீங்க, கடிச்சா எலும்பு நொறுங்கும். சாதா ஒட்டகமா இருந்தாலும் பின்பக்கமா போகாதீங்க, அது எட்டு திசைக்கும் உதைக்கும், உக்காந்திருக்கிற ரெண்டு ஒட்டகத்துக்கு நடுவுல நுழையாதீங்க, கட்டின கயிறு மேல கால் வைக்காதீங்க.

சவாரி போகணும்னா மூக்கை பாத்து ஒட்டகத்தை தேர்ந்தெடுங்க. மூக்குல மரக்குச்சி குத்தி அதுல கயிறு கட்டியிருப்பாங்க, நக்கேல்னு பேரு, அந்த இடம் புண்ணா ஈ மொய்ச்சுட்டு இருந்தா அந்த ஒட்டகத்துல ஏறாதீங்க, காரணத்தையும் ஓட்டுறவர்கிட்ட மரியாதையா சொல்லுங்க, பத்து பேர் சொன்னா மருந்து போடுவாங்க. ஒட்டகம் எந்திரிக்கும்போது பின்னங்காலைத்தான் முதல்ல தூக்கும், நீங்க முன்னாடி தூக்கி எறியப்படுவீங்க, அதனால ஏறினதும் பின்னால சாஞ்சுக்கோங்க, முன்னங்கால் எந்திரிக்கும்போது லேசா முன்னாடி வாங்க. உக்காரும்போது முன்னங்கால் முதல்ல மடங்கும், மறுபடியும் பின்னால சாயணும். விழறவங்க பெரும்பாலும் இந்த எந்திரிக்கிற உக்கார்ற நேரத்துலதான் விழறாங்க, நடக்கும்போது இல்ல. அரை மணி நேரம் போதும், அதுக்கு மேல உங்க தொடை தாங்காது. வயசானவங்களுக்கு ஒட்டக வண்டி நல்லது, பழைய விமானத்து டயர் போட்டு ஓட்டுற வண்டி எல்லாம் அங்க உண்டு, மணல்ல புதையாம போகும்.

போட்டோ பத்தி கொஞ்சம். ஏரியை சுத்தி 52 படித்துறை இருக்கு, அங்க குளிக்கிறவங்களை படம் எடுக்கவே கூடாது, செருப்பையும் தள்ளியே கழட்டிடணும். மைதானத்துல கேட்டுட்டு எடுங்க. அலங்காரம் பண்ணிட்டு வந்து படம் எடுக்க சொல்லி காசு கேக்குறவங்க இருப்பாங்க, அது அவங்க பொழப்பு, எடுத்தா குடுங்க, இல்லன்னா எடுக்காதீங்க, எடுத்துட்டு பேரம் பேசுறது அசிங்கம். படித்துறையில கையில பூ குடுத்து பூஜைக்கு உக்கார வச்சு குடும்பத்துல தலைக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க, உக்கார்றதுக்கு முன்னாடியே தொகையை பேசிடுங்க, கையில சிவப்பு கயிறு கட்டினப்புறம் யாரும் உங்களை தொந்தரவு பண்ண மாட்டாங்க. பிரம்மா கோயிலை கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாத்துடுங்க, சாவித்திரி மலைக்கு ரோப்கார் இருக்கு, மேலேர்ந்து பாத்தா ஏரி, ஊர், மணல் மைதானம் மூணும் ஒரே பார்வையில தெரியும். சாயங்காலம் மால்புவா சாப்பிடுங்க, நெய்யில பொரிச்சு பாகுல ஊற வச்ச இனிப்பு அது, சுத்துப்பட்டுல ரோஜா விளையறதால குல்கந்தும் நல்லா கிடைக்கும்.

போட்டிங்க, மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டுறது, பானை தூக்கிட்டு ஓடுறது, ஒட்டக ஓட்டம் எல்லாம் ஒரு தடவை பாக்கலாம். நான் அரை நாளுக்கு மேல அங்க நிக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தை மனசுல வச்சுட்டு போங்க, இல்லன்னா ஏமாந்துடுவீங்க. இப்ப புஷ்கர்ல ஒட்டகத்தை விட குதிரைதான் அதிகம், காது நுனி உள்பக்கமா வளைஞ்ச மார்வாரி குதிரை. இந்தியாவுல 2012 கணக்குல 4 லட்சம் ஒட்டகம் இருந்துச்சு, 2019-ல ரெண்டரை லட்சம். வயல்ல டிராக்டர் வந்துச்சு, ரோட்டுல வேன் வந்துச்சு, கால்வாய்த் தண்ணி வந்த இடத்துல மேய்ச்சல் நிலம் வயலாச்சு, காட்டுல மேய்க்க தடை வந்துச்சு. 2014-ல ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்கா அறிவிச்சு, 2015-ல வெட்டுறதுக்கு தடை, அனுமதி இல்லாம மாநிலத்தை விட்டு வெளிய கொண்டு போகவும் தடைன்னு சட்டம் போட்டுச்சு. காப்பாத்தணும்னு போட்டதுதான், ஆனா வெளிமாநிலத்துல இருந்து வாங்க வர்றவங்க நின்னுட்டாங்க, விலை விழுந்துடுச்சுன்னு மேய்க்கிறவங்க சொல்றாங்க. எனக்கு அதை கேக்கும்போது வயிறு கலங்குது, விலங்கை காப்பாத்துற சட்டம் அதை வளர்க்கிறவனையும் நினைச்சு பாத்திருக்கணும். நம்மளால முடிஞ்சது சின்னதுதான், ஒட்டகப் பால் டீ கிடைச்சா வாங்கிக் குடிங்க, ஒட்டக மயிர்ல நெய்த விரிப்பை மேய்க்கிறவங்ககிட்டயே நேரா வாங்குங்க.

நவம்பர்ல லீவு கிடைக்கலன்னா ஜனவரியில பிகானேர் ஒட்டகத் திருவிழா இருக்கு, ஜூனாகட் கோட்டையில இருந்து ஊர்வலம் கிளம்பும், ஒட்டகத்து மயிரை கத்தரிச்சே உடம்பு முழுக்க பூவும் யானையும் மயிலும் வரைஞ்சிருப்பாங்க, அதுக்காகவே போகலாம், குளிர் மட்டும் கடுமை. அங்கயே ஒட்டக ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஒட்டகப் பால் ஐஸ்க்ரீம் கிடைக்கும், மதுரையில இருந்து பிகானேருக்கு வாராந்திர ரயிலும் உண்டு. ஆனா அது சந்தை இல்ல, விழா. சந்தையாவே பாக்கணும்னா நாகௌர், ஜனவரி பிப்ரவரியில, மாடுதான் பிரதானம், டூரிஸ்ட் கம்மி. பார்மேர் பக்கம் தில்வாராவுல லூனி ஆத்து மணல்லயே ஒரு பழைய சந்தை கூடும், மார்ச் ஏப்ரல் வெயில்ல, அது பழகினவங்களுக்குத்தான்.

புஷ்கர்ல கடைசி நாள் சீக்கிரம் எந்திரிங்க. தூரத்து ஊர்க்காரங்க விடியறதுக்குள்ள ஒட்டகத்தை ஓட்டிட்டு நடந்தே கிளம்பிடுவாங்க, வரிசையா இருட்டுல மணிச்சத்தம் மட்டும் முதல்ல வரும். ரோட்டை விட்டு இறங்கி ஓரமா நின்னு பாருங்க, டார்ச் அடிக்காதீங்க, உங்க டிரைவர்கிட்ட ஹாரன் அடிக்க வேணாம்னு முதல்லயே சொல்லி வச்சுடுங்க, மிரண்டு சிதறின ஒட்டகத்தை திரும்ப ஒண்ணு சேக்குறது அவங்களுக்கு பெரும்பாடு.