இரவு வானத்தை அளக்க, முதலில் நிற்க ஓர் இடம்

என் மொட்டைமாடியின் வடகிழக்கு மூலையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அதன் மேல் நின்றுதான் வானத்தின் வெளிச்சத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். இரண்டடி தள்ளினால் எதிர்வீட்டு விளக்கு கண்ணில் அடிக்கும். அன்றைய கணக்கு வீண். எனவே ஒளி மாசை, அதாவது நம் விளக்குகள் இரவு வானத்தை எவ்வளவு வெளுக்கச் செய்கின்றன என்பதை, அளக்கக் கிளம்புகிறவர்கள், கருவி வாங்குவதற்கு முன் நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். எந்த விளக்கும் நேராகக் கண்ணில் படக்கூடாது. மரக்கிளையோ சுவரோ தலைக்கு நேர் மேலே உள்ள உச்சி வானத்தை மறைக்கக்கூடாது. அவ்வளவுதான்.

நிலவு வானத்தில் இருக்கவே கூடாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது மறைந்து ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் போதும். மெல்லிய மேகம் இருந்தால் அளக்காதீர்கள். நகரத்தில் மேகம் கீழிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பி வானத்தை வெளுக்கச் செய்யும். இருண்ட இடத்திலோ அதே மேகம் வானத்தை இன்னும் கறுப்பாக்கும்.

கண்ணை வைத்தே தொடங்குங்கள். இருட்டில் 20 நிமிடம் சும்மா நில்லுங்கள். இடையில் கைப்பேசியை ஒருமுறை பார்த்தாலும் முதலிலிருந்து நிற்க வேண்டியதுதான். நோட்டில் எழுத மங்கலான சிவப்பு விளக்கு போதும். பிறகு கார்த்திகைக் கூட்டத்தைத் தேடி, தெரிகிற மீன்களை எண்ணுங்கள். அறுமீன் என்ற பெயருக்கேற்ப ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால், உங்கள் கண்ணுக்கு எட்டும் எல்லை சுமார் 4.3 பொலிவெண் (மீன் மங்க மங்க இந்த எண் கூடும்). மூன்றோடு நின்றுவிட்டால் 3.7. ஏழாவது மீன் ஐந்தாம் பொலிவெண்ணை ஒட்டியது, பக்கத்து மீனோடு ஒட்டிக்கொண்டும் நிற்கும். அது தெரிந்தால் நல்ல வானம், நல்ல கண்ணும்கூட. கார்த்திகை இல்லாத மாதங்களில், 2006 முதல் பொதுமக்களைக் கொண்டு நடந்துவரும் ‘குளோப் அட் நைட்’ திட்டத்தின் படங்களைப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட விண்மீன் குழு எந்த அளவு மாசில் எப்படித் தெரியும் என்று வரைந்து தருகிறார்கள். உங்கள் வானத்துக்குப் பொருந்தும் படத்தைத் தேர்ந்து அனுப்பினால் அது உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேரும்.

அடுத்தது கருவி. பலரும் வைத்திருப்பது, வானத்தின் இருட்டை அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் எஸ்.க்யூ.எம். மீட்டர். அதை உச்சிக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் ஓர் எண் வரும்: ஒரு சதுர வில்விநாடிக்கு (வானத்தின் மிகச் சிறிய ஒரு கட்டத்துக்கு) இத்தனை பொலிவெண். இங்கே எண் கூடினால் இருட்டு கூடுகிறது. மாசற்ற வானம் 22ஐ ஒட்டி இருக்கும்; பெருநகரம் 17, 18. ஐந்து முறை அழுத்தி, முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, மீதியின் நடுவெண்ணை எழுதிக்கொள்ளுங்கள். தமக்குள் வேறுபாடு அதிகமுள்ள எண்களுக்குச் சராசரி போடும்போது கவனம்: இது மடக்கை (லாகரிதம்) அளவு, எண் ஒளியோடு நேர்விகிதத்தில் மாறாது. 18, 20 இரண்டின் சராசரி 19 அல்ல; ஒளியாக மாற்றிக் கூட்டி வகுத்தால் 18.6 வரும்.

கருவியை நம்பி நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தானே பதிவு செய்யும் மீட்டர் ஒன்றைக் கண்ணாடி மூடியிட்ட பெட்டிக்குள் வைத்திருந்தேன். கண்ணாடி தானே 0.1 அளவு ஒளியைத் தின்னும். அதைக் கழித்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. நான்கு மாதங்களில் எண் மெல்ல மெல்ல 0.3 ஏறியது. தெருவிளக்குகளுக்கு மூடி போட்டது பலித்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் நோட்டில் கார்த்திகை அதே நான்கு மீனாகவே இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். எண் பழைய இடத்துக்கே இறங்கியது. தூசி!

வரைபடம் வேண்டுமென்றால் ஊர் நடுவிலிருந்து ஒரே சாலையில் வெளியே போங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, வண்டியின் விளக்கை அணைத்து, அளந்து, நேரத்தையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் புள்ளிகளை இடுங்கள். பத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஊர் முழுவதற்கும் வண்ணம் பூசிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் நிறமெல்லாம் மென்பொருளின் ஊகம்.

இதையெல்லாம் செயற்கைக்கோளே செய்கிறதே என்று கேட்பார்கள். 2016இல் ஒளி மாசு ஆய்வாளர் ஃபாபியோ ஃபால்கியின் குழுவினர் வெளியிட்ட உலக வரைபடம் சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் தரவில் எழுந்ததுதான். மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால்வீதியைக் காண முடியாது என்று காட்டியது அதுவே. ஆனால் அதைச் சரிபார்க்கத் தரையில் நின்று எடுத்த அளவுகள் தேவைப்பட்டன. அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடப்பது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில். அதற்குள் பாதி விளம்பரப் பலகைகள் அணைந்திருக்கும். அதன் உணரிக்கு 500 நானோமீட்டருக்குக் கீழான நீல ஒளி தெரியாது. எல்இடி விளக்குகள் தாராளமாகக் கொட்டுவதோ அதைத்தான். பக்கவாட்டில் போய் வானத்தை வெளுக்கச் செய்யும் ஒளியும் மேலிருந்து சரியாகப் பிடிபடாது. 2011 முதல் 2022 வரை மக்கள் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது வான்வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுவது தெரிந்தது. செயற்கைக்கோள் கணக்கு சொன்னது சுமார் 2 சதவீதம்தான்.

நோட்டில் எழுதும்போது மோசமான இரவுகளையும் விடாதீர்கள். ஒரு மீனும் தெரியவில்லை என்பதும் ஓர் அளவுதான். தவறான எண்ணை அழிக்காதீர்கள். அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள். என் நோட்டில் நான்கு மாதப் பக்கங்கள் அப்படி இருக்கின்றன. ஓரத்தில் ‘தூசி’, ‘தூசி’, ‘தூசி’.