ஏஆர்டி மாத்திரை சாப்பிடுபவர்கள் கிட்னி விஷயத்தில் செய்யும் தவறுகள்

எச்ஐவி வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துதான் ஏஆர்டி. மதுரை பெரியாஸ்பத்திரி ஏஆர்டி மையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குவார்கள். வேறு டாக்டரிடம் போனால் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பெரிய தவறு இதுதான். பூப்பறித்துக் குனிந்த இடுப்பு வலிக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்தால் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசிதான் முதலில் வரும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஏஆர்டி மாத்திரைதான் டிஎல்டி. அதில் இருக்கும் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகக் குழாய்களைப் பாதிக்கக்கூடியது. அதோடு வலி ஊசியும், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. நோயைச் சொல்ல மனம் வரவில்லையா, சரி, "கிட்னிக்கு ஆகாத வலி மருந்து வேண்டாம்" என்றாவது சொல்லிவிடுங்கள். சம்மதமில்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதை 2017 எச்ஐவி சட்டம் தடுக்கிறது.

அடுத்தது கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுப் பொருள். டிஎல்டி ஆரம்பித்த சில வாரங்களில் அது கொஞ்சம் ஏறும். டோலுடெக்ராவிர் கிரியேட்டினின் வெளியேறும் வழியை ஓரளவு அடைப்பதால் வரும் ஏற்றம் அது. கிட்னி கெட்டதாக அர்த்தமில்லை. இதைப் பார்த்துப் பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும், ஒன்றுவிட்டு ஒருநாள் போடுவதும்தான் வினை. வைரஸ் பெருகினால் அதுவே கிட்னியைத் தாக்கும். மஞ்சள் காமாலை பி-யும் (ஹெபடைட்டிஸ் பி) இருந்தால், மாத்திரையை நிறுத்தும்போது ஈரல் வேறு கெடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வயது 55, எடை 40 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு கிரியேட்டினின் 1.2. லேப் சீட்டில் அதைச் சிவப்பில் காட்டாமல் விட்டுவிடக்கூடும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிட்னி வடிகட்டுவது நிமிடத்துக்கு சுமார் 33 மில்லிதான். 50-க்குக் கீழே இருந்தாலே டெனோஃபோவிரை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் யோசிக்க வேண்டும். சீட்டை வாங்கி மடித்து வைக்காமல் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால், அது டெனோஃபோவிரின் வேலையாக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம்: டோலுடெக்ராவிரோடு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. உலோக பஸ்பம் கலந்த மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

"எச்ஐவி இருந்தால் டயாலிசிஸ் செய்ய மாட்டார்கள்" என்று நினைத்துக் கால் வீக்கத்தோடு வீட்டிலேயே கிடப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். வைரஸ் கட்டுக்குள் இருந்தால் மாற்று கிட்னியும் வைக்கலாம்.