காட்டு ரூட்டுக்கு ரெண்டாவதா ஒரு பழைய பைக் எடுக்கிறீங்களா
ரோட்டுக்குத்தான் ஏற்கனவே ஒரு வண்டி இருக்கே, அதனால இதுல மைலேஜ், டாப் ஸ்பீடு எல்லாம் பாக்காதீங்க, வெயிட்ட பாருங்க. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 கிட்டத்தட்ட 200 கிலோ, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 157 கிலோதான், சேத்துல தனியா விழுந்தா தூக்கப்போறது நீங்கதானே, என் ஓட்டு எக்ஸ்பல்ஸுக்குத்தான். முன்னாடி 21, பின்னாடி 18 இன்ச் ஸ்போக் வீல், கல்லுக்குத் தாங்கும்.

பாக்கப் போறப்ப இஞ்சின் ஆறியிருக்கணும், ஓனர் முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா ஸ்டார்ட்டிங் பிரச்சனைய மறைக்கிறாரோன்னு கொஞ்சம் உஷாரா இருங்க. ஃபோர்க்ல (முன் சஸ்பென்ஷன்) ஆயில் கசியுதா, ரிம் நெளிஞ்சிருக்கா, ஸ்போக் லூசா, ஹேண்டில திருப்புறப்ப நடுவுல டக்குனு மாட்டுதா (அப்டின்னா கோன் செட், அதாவது ஹேண்டில் பேரிங், போச்சு), அடியில இஞ்சினுக்குக் காவலா இருக்கிற பேஷ் பிளேட் எவ்ளோ நசுங்கியிருக்குன்னு குனிஞ்சே பாருங்க. கீறல் பத்தி கவலையே வேணாம், நீங்களும் போடத்தான் போறீங்க. ஆர்சில லோன் இருந்தா, லோன் குடுத்தவங்களோட என்ஓசி (ஆட்சேபனை இல்லைங்கிற லெட்டர்) கைக்கு வராம காசு குடுக்காதீங்க.