அடையை விட்டு எழுந்த கோழி

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். போன சித்திரையில் கருங்கோழியை 11 முட்டையில் அடை வைத்தேன். பத்தாம் நாள் கூடையில் நிற்காமல் எழுந்து எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டு ஆயாவிடம் சொன்னேன்.

“ராத்திரில டார்ச் அடிச்சுப் பாருப்பா. பகல்ல பேன் இடுக்குல பூந்துக்கும்” என்றார்.

அப்படியே பார்த்தேன். கூடைப் பின்னலில் ஊசிமுனை அளவு சிவப்புப் பேன்கள். கையை வைத்ததும் மணிக்கட்டில் ஏறின. ராத்திரி பூரா கோழியின் ரத்தத்தைக் குடித்தால் அது எப்படி உட்காரும்?

முட்டைகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வைக்கோலைக் கொளுத்தினேன். அந்தக் கூடை வேண்டாமென்று புதுக்கூடையில் கெடிலம் ஆற்று மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் பரப்பி, வேப்பிலை, அதன்மேல் புது வைக்கோல். நெற்குதிருக்கு அடியில் ஆயாவின் அம்மா இப்படித்தான் அடை வைப்பாராம். சொல்லும்போதே ஆயா முகம் மலர்ந்தது. கோழியையும் சாம்பலில் புரள விட்டோம். அது ரொம்ப முக்கியம், இறகுக்குள் ஒளிந்திருப்பதும் உதிர வேண்டும்.

இருட்டியதும் உட்கார வைத்தோம். அப்புறம் தீனிக்கு மட்டும்தான் எழுந்தது. 21ஆம் நாள் விடியலில் கூடைக்குள் கீச்சுச் சத்தம். 8 குஞ்சுகள். ஆயாவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.