தர்பூசணி மொத்தமாகப் பழுத்தால்: பறிப்பது முதல் தொலி துவரன் வரை

குமரி மாவட்டத்தில் எங்கள் ராஜாக்கமங்கலம் பக்கத்து மணல் விளையில் (தோட்டத்தில்) தை மாதம் விதை ஊன்றினால் பங்குனிக் கடைசியில் பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தயாராகும். விதைப்பு, உரம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பறிக்கும் பக்குவமும், வீடு நிறையப் பழம் வந்தபின் செய்ய வேண்டியதும் மட்டும் இங்கே.

1. தண்ணீரைக் குறையுங்கள். பறிக்க ஒரு வாரம் இருக்கும்போதே குறைத்தால் இனிப்பு கூடும். முற்றிய நேரத்தில் கோடை மழை கொட்டினால் பழம் வெடிக்கும். மேகம் கறுத்தால் பழுத்ததை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

2. பழுத்ததா என்று பாருங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. தர்பூசணி கொடியை விட்டுப் பிரிந்தபின் இனிப்பு ஏறாது. மட்டி வாழைக்குலையைப் போலப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைக்க வழியில்லை.

பழத்தின் காம்பு கொடியில் சேருகிற அதே கணுவில் ஒரு பற்றுச்சுருள் (கொடி பற்றிப் படரும் கம்பி போன்ற சுருள்) இருக்கும். பலரும் கொடி நுனியில் இருக்கும் சுருளையோ பக்கத்துக் கணுச் சுருளையோ பார்த்து ஏமாறுகிறார்கள். காம்பைத் தொட்டுக்கொண்டே போய், சரியான கணுவைக் கண்டுபிடியுங்கள். அந்தச் சுருள் அடிவரை காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். நுனி மட்டும் காய்ந்திருந்தால் பொறுங்கள்.

சில ரகங்களில் சுருள் முன்னதாகவே காய்ந்துவிடும். அதனால் பழத்தை மெல்லப் புரட்டி, மண்ணில் படிந்த பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காய். வெண்ணெய் போன்ற மஞ்சள் என்றால் பழம். இரண்டும் ஒத்துவந்தால்தான் நான் கை வைப்பேன். பெண்பூ விரிந்த நாளைக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது: பெரும்பாலான ரகங்களுக்கு 35 முதல் 45 நாள். தட்டிப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை.

3. வெட்டுங்கள். காலையில், செடி வெட்டும் கத்தரியால், 2 அங்குலம் காம்பு விட்டு. அரிவாள் வேண்டாம், கொடியில் படும். கையால் பிடுங்கினால் கொடி நைந்து மற்றப் பழங்களும் கெடும்.

4. பிரித்து வையுங்கள். கீறல் விழுந்ததை அன்றே சாப்பிடுங்கள். மற்றதை நிழலில் வைக்கோல்மேல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் இரண்டு வாரம்வரை தாங்கும். நறுக்குமுன் தொலியை (தோலை) கழுவுவது கட்டாயம். மண்ணின் அழுக்கு கத்தியோடு உள்ளே போகும். நறுக்கியதை மூடி, ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

5. தொலியை வீசாதீர்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சதை, பெரியவர்களுக்கு நன்னாரி சர்பத் கலந்த சாறு, அடுக்களைக்கு வெள்ளைப் பகுதி. மயினி (அண்ணி) செய்யும் துவரன், அதாவது தேங்காய் சேர்த்த பொரியல், இது: மேல்பச்சையைச் சீவிவிட்டு வெள்ளையைப் பொடியாக நறுக்கவும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்பொடி, உப்போடு மூடி வேகவிடவும். தண்ணீர் ஊற்றவே கூடாது, தானாகவே விடும். அது வற்றியதும் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் ஒதுக்கி (கொரகொரப்பாக அரைத்து) போட்டுக் கிளறி இறக்கவும். கஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு எனக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: இந்தப் பழத்தின் விதையையே அடுத்த வருஷம் ஊன்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கலப்பின விதை என்றால் அதே பழம் வராது. கழுவிக் காயவைத்து வறுத்துத் தின்னுங்கள். நாட்டு ரகமானால் எடுத்து வைக்கலாம்.

முலாம்பழத்துக்குச் சுருளைப் பார்க்க வேண்டாம். மணம் வந்து, லேசாகத் தள்ளினாலே காம்பு விட்டுவரும். வெள்ளரிப்பழமோ பழுத்தால் தானே வெடிக்கும். கீறல் தெரிந்ததும் பறித்து, ஓலையால் சுற்றிக் கட்டி, அன்றைக்கே கருப்பட்டி சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிடுங்கள்.