முதல் கணினி: பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்தே முடிவாகட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ அதன் புறநகரான சாட்ஸ்வர்த்திலோ முதன்முறையாகத் தாமே பாகங்களைச் சேர்த்துக் கணினியை அமைக்க விரும்பும் நம் பிள்ளைகள், திரைக்காட்சியைக் கையாளும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி யோசிக்கும் முன்பே, கணக்கிடும் மையச் சில்லான பிராசசரையும் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேசைக் கணினிக்கான, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் ஏஎம்5 என்ற சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) மட்டுமே அமரும். அதற்கு டிடிஆர்5 மெமரிதான் பொருந்தும். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலோ டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகை மதர்போர்டுகளும் உள்ளன. இவ்விரு மெமரிகளின் அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த, ஏஎம்5 சாக்கெட் கொண்ட பி650 வகை மதர்போர்டு, 2024இல் வந்த ரைசன் 9000 பிராசசரை அறிந்துகொள்ளப் புதிய பயாஸ் (மதர்போர்டைத் தொடக்கத்தில் இயக்கும் மென்பொருள்) தேவைப்படும் என்பதால், தயாரிப்பாளர் வெளியிடும் பிராசசர் பட்டியலைப் பார்த்து, பெட்டியிலுள்ள மதர்போர்டில் எந்தப் பயாஸ் பதிப்பு உள்ளது என்று கடைக்காரரிடம் அவசியம் கேளுங்கள். என் கருத்தில் இதுவே மிக முக்கியமான கேள்வி.

கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும், பாகங்களை வைக்கும் கூடான கேஸின் அளவுகளோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள். மின்வெட்டை நினைத்து, மின்சாரம் நின்றாலும் பேட்டரியால் மின்சாரம் தரும் யுபிஎஸ் வாங்குபவர்கள், அதன் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை அல்லாமல் வாட் அளவையே கணினியின் தேவையோடு ஒப்பிட்டு, தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை, தரும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.