வீட்லயே சிஏபிடி பேக் மாத்துறது எப்படி? வயித்துச் சவ்வுல இருந்து ஆரம்பிப்போம்

கிட்னி ஃபெயிலியர்னா எல்லாருக்கும் தெரிஞ்சது ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷின் பக்கத்துல மணிக்கணக்கா படுத்துப் பண்ற டயாலிசிஸ்தான். மெஷினே இல்லாம, வயித்துக்குள்ள இருக்குற ஒரு சவ்வையே ஃபில்டரா வச்சு வீட்ல பண்றதுதான் சிஏபிடி (கன்டினியுவஸ் ஆம்புலேட்டரி பெரிடோனியல் டயாலிசிஸ்). எங்க அப்பாவுக்கு இதுதான் நடக்குது, பேக் மாத்துறது நான். பிடி (பெரிடோனியல் டயாலிசிஸ்) நர்ஸ்கிட்ட ட்ரெயினிங் எடுக்காம இதை மட்டும் படிச்சிட்டு யாரும் கை வைக்காதீங்க. அங்க ஒவ்வொண்ணும் எப்படின்னு காட்டுவாங்க, ஏன் அப்படின்னு புரிஞ்சுக்க இது உதவும்.

முதல்ல அந்த சவ்வு. பேரு பெரிடோனியம். வயித்துச் சுவரோட உள்பக்கத்தையும், குடல் கல்லீரல் மாதிரி உறுப்புகளையும் போர்த்தியிருக்குற ரொம்ப மெல்லிசான வழவழப்பான படலம், மொத்தமா விரிச்சா கிட்டத்தட்ட நம்ம தோல் பரப்பு அளவுக்கு வரும். அது முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்ங்க. வயித்துல ஆபரேஷன் பண்ணி வச்சிருக்குற டியூப் வழியா உள்ள 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தை விட்டு 4லருந்து 6 மணி நேரம் வச்சிருந்தா, ரத்தத்துல இருக்குற யூரியா, கிரியேட்டினின் மாதிரி கழிவெல்லாம் அந்த சவ்வு வழியா திரவத்துக்குள்ள வந்துடும், குளுக்கோஸ் கூடவே அதிகப்படி தண்ணியையும் இழுத்துடும், ரத்த அணுக்கள் உள்ளேயே நின்னுடும். டீ வடிகட்டி தூளை நிறுத்துற மாதிரின்னு வச்சுக்கோங்க. 1923ல ஜெர்மனியில ஜார்ஜ் கான்டர்னு ஒரு டாக்டர் இதை மனுஷங்ககிட்ட முயற்சி பண்ணாரு, 1968ல டென்காஃப்னு ஒரு டாக்டர் வயித்துல வைக்கிற சிலிக்கோன் டியூப் கொண்டு வந்தாரு, 1976ல அமெரிக்காவுல பாபோவிச், மான்கிரீஃப் ரெண்டு பேரும் நாள் முழுக்க வயித்துல திரவம் இருந்துட்டே இருக்குற இந்த முறைய சொன்னாங்க.

இப்ப வேலைக்கு வருவோம். ஃபேன், ஏசி ஆஃப், ஜன்னல் கதவு சாத்துங்க, பூனை நாய் இருந்தா வெளிய. டேபிளைத் துடைச்சிட்டு பேக், ரெண்டு கிளாம்ப், புது கேப், மாஸ்க் எல்லாத்தையும் எடுத்து வச்சிடுங்க, நடுவுல எழுந்து போற மாதிரி இருக்கக் கூடாது. பேக் உடம்பு சூட்டுக்கு இருக்கணும், அதுக்கு வார்மர் மாதிரி உலர்ந்த சூடு மட்டும்தான். வெந்நீர்ல முக்காதீங்க, மைக்ரோவேவ்ல வைக்கவே வைக்காதீங்க. பேக்ல எக்ஸ்பயரி தேதி, குளுக்கோஸ் எத்தனை சதவீதம், எத்தனை லிட்டர், திரவம் தெளிவா இருக்கா பாருங்க, அமுக்கிப் பாத்தா லீக் இருந்தா தெரிஞ்சிடும்.

மாஸ்க் போட்டுட்டு கை கழுவுங்க. சோப்பு போட்டு விரல் இடுக்கு, நகம், கட்டை விரல் எல்லாம் நல்லா தேய்ச்சு, சுத்தமான டவல் இல்ல டிஷ்யூல முழுசா ஈரம் போகத் துடைங்க, ஈரக்கையில கிருமி சுலபமா ஒட்டிக்கும். இதுல நேரம் மிச்சம் பிடிக்காதீங்க, ஏன்னா மொத்த வேலையிலயும் ஆபத்தான நிமிஷம் அடுத்து வர்றதுதான்.

அது கனெக்‌ஷன். பேக் டியூப்போட ரிங்கை இழுத்து, வயித்து டியூப்போட கேப்பைத் திருகி எடுத்து, உடனே ரெண்டையும் சேர்த்துத் திருகணும். ரெண்டு நுனியும் கை, சட்டை, டேபிள் எதுலயும் படக்கூடாது, அப்ப பேசவும் வேண்டாம் இருமவும் வேண்டாம். வெளிய இருக்குற கிருமிக்கும் அந்த சவ்வுக்கும் நடுவுல அந்த ஒரு டியூப் மட்டும்தான் இருக்கு. பேக் நுனி பட்டுட்டா அந்த பேக்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க, காசு போச்சேன்னு பாக்காதீங்க. வயித்து டியூப் நுனி பட்டுட்டா கனெக்ட் பண்ணாம புது கேப் போட்டு மூடிட்டு பிடி யூனிட்டுக்கு போன் பண்ணுங்க.

புது பேக்கை ஸ்டாண்டுல மாட்டுங்க, அதே டியூப்லயே சேர்ந்து வர்ற காலி பேக் கீழ தரையில. வயித்து டியூப்பைத் திறந்தா பழைய திரவம் கீழ இறங்கும், 15, 20 நிமிஷம் ஆகும். முடிஞ்சதும் வயித்துப் பக்கம் மூடிட்டு, புது பேக்கோட சீலை உடைச்சு, 5 எண்ணுற வரைக்கும் புது திரவத்தை நேரா கீழ் பேக்குக்கு ஓட விடுங்க. டியூப்ல இருக்குற காத்தும், கனெக்‌ஷன்ல ஏதாவது ஒட்டியிருந்தா அதுவும் வயித்துக்குப் போகாம வெளிய போயிடும், இதை விட்டுடாதீங்க. அப்புறம் கீழ் டியூப்புக்கு கிளாம்ப் போட்டுட்டு வயித்துக்குத் திறந்தா 10 நிமிஷத்துல நிரம்பிடும். எல்லாத்தையும் மூடி, கழட்டி, புது கேப் போடுங்க.

எறியறதுக்கு முன்னாடி வெளிய வந்த பேக்கைப் பாருங்க. அடியில நியூஸ்பேப்பர் வச்சா எழுத்து தெளிவா தெரியணும். கலங்கலா இருந்தா சவ்வுல இன்ஃபெக்‌ஷன், அதாவது பெரிடோனைட்டிஸா இருக்கலாம், வயித்து வலி காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காம அந்த பேக்கைக் கையோட எடுத்துட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டெஸ்ட் பண்ண அந்த திரவம் வேணும். தெளிவா இருந்தா எடை பாத்து நோட்டுல எழுதுங்க. 2000 மில்லி விட்டு 2300 வந்தா 300 மில்லி தண்ணி எடுத்திருக்குன்னு அர்த்தம். திரவத்தை டாய்லெட்ல ஊத்திடலாம்.

பேக் 1.5, 2.5, 4.25 சதவீதம்னு வரும், சதவீதம் ஏற ஏற தண்ணி அதிகமா இழுக்கும். கால் வீங்குச்சுன்னா நாமளே 4.25 போடலாம்னு தோணும், டாக்டரைக் கேக்காம போடாதீங்க. அதிக குளுக்கோஸ் வருஷக்கணக்கா பட்டுட்டே இருந்தா சவ்வு தடிச்சு வேலை செய்யற திறன் குறையும், சுகர் இருக்கவங்களுக்கு சுகரும் ஏறும். உப்பையும் தண்ணியையும் குறைக்கிறதுதான் சவ்வுக்கு நாம பண்ற பெரிய உதவி, என்னோட பார்வையில மருந்தை விட இது முக்கியம். திரவத்தோட தினமும் 5லருந்து 10 கிராம் புரோட்டீனும் போகுது, அதனால முட்டை வெள்ளைக் கரு மாதிரி எவ்வளவு சேக்கணும்னு டயட்டீஷியன்கிட்ட கேளுங்க.

தமிழ்நாட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லருந்து சிஏபிடி பேக்கை வீட்டுக்கே தர்றாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க.

திரவம் மெதுவா வந்தா பயப்படாம முதல்ல டியூப் மடங்கியிருக்கா, ஏதாவது கிளாம்ப் மூடியிருக்கா பாருங்க, திரும்பிப் படுக்கச் சொல்லுங்க, எழுந்து நடக்கச் சொல்லுங்க. ரெண்டு நாளா மோஷன் போகலைன்னா அதுவே காரணமா இருக்கலாம், நிறைஞ்ச குடல் டியூப்பை அமுக்கும், டாக்டர் சொன்ன மலமிளக்கி குடுங்க. அப்பவும் வரலைன்னா அடுத்த பேக்கை உள்ள விடாம பிடி யூனிட்டுக்கு போன் போடுங்க.